சிங்கம் பார்க்கப் போன கதை

"ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்தீர்களாமே, சிங்கம் பார்த்தீர்களா?" எங்கள் தெருவில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் இப்போது யாரும் பாக்கியில்லை. கீரைக்காரி கூடக் கேட்டுவிட்டாள். "இல்லை" என்று நான் சொன்னதும் அவர்கள் முகத்தில் ஓர் அனுதாபம் படர்கிறது பாருங்கள், அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. திருப்பதிக்குப் போய்ப் பெருமாளைச் சேவிக்காமல் லட்டு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியவளைப் பார்ப்பது போல் பார்க்கிறார்கள்! ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் மாப்பிள்ளைக்கு ஜோஹன்னஸ்பர்க்கில் உத்தியோகம். நாங்கள் போயிருந்தது ஜனவரி மாதம். அங்கே அதுதான் கோடைக்காலம், மழைக்காலமும் அதுவே. "க்ரூகர் தேசியப் பூங்காவுக்கு நாலு நாள் போய் வரலாம், அத்தை" என்று மாப்பிள்ளை சொன்ன மறுநாளே, இவர் (என் கணவரைத்தான் சொல்கிறேன்) புதுக் காமிரா ஒன்று வாங்கிவிட்டார். சிங்கத்துக்கென்றே வாங்கிய காமிரா. மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகையால் மாப்பிள்ளை, இவர், நான், ஒன்பது வயதுப் பேரன் என்று நாலு பேர் புறப்பட்டோம். பேரன் மட்டும் சிங்கத்தின் பேச்சையே எடுக்கவில்லை. அவன் கழுத்தில் ஒரு பைனாகுலர். கையில் ஒரு நோட்டு. மடியில் செங்கல் கனத்தில் ஒரு பறவைப் புத்தகம்.

"குருவி பார்க்கவாடா இவ்வளவு தூரம்? நம் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பிடி அரிசி போட்டால் அதுவே வந்து நிற்குமே!" என்று இவர் கேலி செய்தார். பேரன் பதில் சொல்லவில்லை. குழந்தைகள் பதில் சொல்லாமலிருந்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து சுமார் நானூறு கிலோமீட்டர் பிரயாணம். வழியெல்லாம் புல்வெளி, மக்காச்சோள வயல். ஓரிடத்தில் மின்சாரக் கம்பி நெடுக, மணி கோத்த மாதிரி சின்னச் சின்ன வல்லூறுகள் உட்கார்ந்திருந்தன. "பாட்டி! அமூர் வல்லூறு! இது நம் ஊர் வழியாகத்தான் இங்கே வந்திருக்கிறது!" என்று பேரன் கத்தினான். நான் நம்பவில்லை. பிறகு புத்தகத்தைக் காட்டினான். வட சீனாவிலும் ருஷ்யாவின் கீழ்க் கோடியிலும் பிறக்கும் இந்தச் சிவப்புக் கால் பறவை, அக்டோபர் மாதத்தில் நம் நாகாலாந்தில் இறங்கி ஈசலைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு, இந்தியாவைக் கடந்து, அரபிக் கடலையும் ஒரே மூச்சில் தாண்டித் தென் ஆப்பிரிக்கா வரை வருகிறதாம். உடம்போ ஒரு புறாவுக்கும் குறைவு! 2012-ஆம் வருஷம் நாகாலாந்தில் டோயாங் நீர்த்தேக்கத்தருகே ஆயிரக் கணக்கில் இவற்றை வலை போட்டுப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். விஷயம் வெளியே தெரிந்ததும் பெரிய கூக்குரல் எழுந்தது. ஊர்ப் பெரியவர்களும் பாதிரிமார்களும் அதிகாரிகளும் கூடிப் பேசினார்கள். அடுத்த வருஷமே வேட்டை நின்றது. அன்று நின்றிராவிட்டால் இந்தக் கம்பியில் இத்தனை மணிகள் இருந்திருக்குமா, சொல்லுங்கள்!

க்ரூகர் பூங்காவைப் பற்றி இரண்டு வார்த்தை. வடக்கிலிருந்து தெற்கே சுமார் 350 கிலோமீட்டர். அதாவது சென்னையில் ஒரு கோடி, திருச்சியைத் தாண்டி மற்றொரு கோடி என்று வைத்துக்கொள்ளலாம். பரப்பு கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். 1898-இல் ஒரு சிறு பகுதியை வேட்டையிலிருந்து காப்பாற்றத் தொடங்கி, 1926-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பறவை இனங்கள் மட்டும் 500-க்கு மேல். காரை விட்டு இறங்கக் கூடாது. தார் ரோட்டில் 50, மண் ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. பொழுது சாய்வதற்குள் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும். நேரம் தவறினால் அபராதம். என் மாமியார் வீட்டில் கூட இவ்வளவு சட்டம் கிடையாது!

நுழைந்த பத்தாவது நிமிஷமே ஒரு பட்டுப்போன மரக் கிளையில் ஒரு பறவை. நம் ஊர்ப் பனங்காடையைப் பார்த்திருப்பீர்கள். அதன் ஒன்றுவிட்ட தங்கை இது. மார்பில் கத்தரிப்பூ நிறம், வயிற்றில் ஆகாய நீலம், முதுகில் தேன் நிறம், வாலில் இரண்டு நீண்ட இறகு. பறந்ததும் சிறகிலிருந்து மயில்கழுத்து நீலம் பளீரென்று அடித்தது. இந்த நிறச் சேர்க்கையில் ஒரு காஞ்சிபுரம் புடவை கிடைத்தால் விலை கேட்காமல் வாங்கிவிடுவேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். இவர் உடனே, "போகலாம், போகலாம், சிங்கம் காத்துக்கொண்டிருக்கும்" என்றார்.

ஸ்குகுஸா என்ற விடுதியில் தங்கினோம். பூங்காவின் முதல் அதிகாரியாக 1902-இல் வந்த ஸ்டீவன்சன்-ஹாமில்டன் என்ற துரைக்கு அந்தப் பக்கத்து மக்கள் வைத்த பட்டப் பெயராம் அது. எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளியவர் என்று அர்த்தம் சொல்கிறார்கள். பெருக்கித் தள்ளுவதில் அங்குள்ள குரங்குகளும் சளைத்தவை அல்ல. நான் மெனக்கெட்டுக் கிளறிக் கொண்டுபோயிருந்த புளியோதரையை மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். அவ்வளவுதான். டப்பா மரத்தின் மேல்!

பக்கத்துக் குடிலில் டர்பனிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் என் சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். நெற்றியில் பொட்டு, பேச்சு ஆங்கிலம். ஆனால் பேரப் பிள்ளைகள் அவரை "ஆயா, ஆயா" என்று கூப்பிட்டன! 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட முதல் கப்பலையும், அதைத் தொடர்ந்து போன கப்பல்களையும் நம்பிக் கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் மனிதர்களின் வழி வந்தவர். தமிழ் அநேகமாக மறந்துவிட்டது. ஆயா, தாத்தா, அக்கா, ரசம் எல்லாம் மறக்கவில்லை. "நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது இந்த விடுதியில் எங்களைப் படுக்க விடமாட்டார்கள், தங்கச்சி. வெள்ளைக்காரர்களுக்குத்தான். இப்போது என் பேரன் அவர்கள் பக்கத்துக் குடிலில் தூங்குகிறான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்பது போலச் சொன்னார். எனக்குத்தான் கொஞ்ச நேரம் டீ இறங்கவில்லை.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மறுநாள் விடியற்காலை. ஜனவரியில் விடுதிக் கதவை நாலரை மணிக்கே திறந்துவிடுகிறார்கள். ஸ்குகுஸாவுக்கு அருகில் 'லேக் பானிக்' என்று ஒரு நீர்நிலை. அதன் கரையில் மரத்தாலான மறைவிடம் ஒன்று கட்டி, பெஞ்சு போட்டிருக்கிறார்கள். உள்ளே போய் உட்கார்ந்தால் பேசக் கூடாது. இவர் பத்து நிமிஷம் சிங்கத்துக்காகத் தண்ணீரையே பார்த்தார். ஒரு நீர்யானையின் காது மட்டும் தெரிந்தது.

நான் பார்த்தது வேறு. அல்லி இலைகளின் மேல், ஏதோ கூடத்தில் கோலத்தை மிதிக்காமல் நடப்பது போல, நீண்ட விரல்களை எடுத்து வைத்து ஒரு பறவை நடந்தது. நம் ஊர்த் தாமரைக் குளங்களிலும் இருக்கும் இலைக்கோழியின் ஜாதிதான். அங்கே குடித்தனம் எப்படித் தெரியுமா? பெண் பறவை முட்டை இடுவதோடு சரி. அடைகாப்பது, குஞ்சுகளை மேய்ப்பது, ஆபத்து வந்தால் சிறகுக்கடியில் இடுக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் ஆண் பறவை! பெண்ணம்மாள் அடுத்த கணவனைத் தேடிப் போய்விடுவாள். பேரன் இதைக் கிசுகிசுத்தபோது இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கரையோரத்துத் தூக்கணாங்குருவிகளோ இதற்கு நேர்மாறு. ஆண் கூடு கட்டித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அழைக்கிறது. பெண் வந்து உள்ளே நுழைந்து இழுத்துப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் போய்விடுகிறது. யாருக்கும் பிடிக்காத கூட்டை ஆணே பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எங்கள் சமையலறை அலமாரியை மூன்று தடவை பிரித்துக் கட்டிய தச்சரை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் என் மனத்தில் நின்றுவிட்டது இருவாட்சிதான். மஞ்சள் வாழைப்பழத்தைக் கவிழ்த்து ஒட்டினாற்போன்ற அலகு. சிற்றுண்டி சாப்பிடும் இடங்களில் மேஜைக்கே வந்து தலையைச் சாய்த்துப் பார்க்கிறது. அதற்குத் தீனி போடக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள், போடாமலிருப்பதுதான் கஷ்டம். முட்டை இடும் காலத்தில் பெண் இருவாட்சி மரப்பொந்துக்குள் போய், மண்ணும் எச்சமுமாகக் குழைத்து வாசலைத் தானே அடைத்துக்கொள்கிறது. ஒரு கீறல் அகலம்தான் திறப்பு. உள்ளே இருந்தபடியே அதன் சிறகு இறகுகள் உதிர்ந்துவிடுகின்றன. அதாவது, நினைத்தாலும் பறக்க முடியாது. வெளியே ஆண் பறவை பூச்சியும் பல்லியுமாகக் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும். முட்டை பொரிய இருபத்து நாலு நாள். அதற்கப்புறம் மூன்று வாரம் கழித்துத்தான் தாய் உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. குஞ்சுகள் மறுபடி உள்ளிருந்தே அடைத்துக்கொள்கின்றன!

நாங்கள் ஒரு பொந்தின் எதிரே முக்கால் மணி நேரம் காரை நிறுத்தினோம். நல்ல வெயில். ஆண் பறவை வந்தது, அலகில் ஒரு வெட்டுக்கிளி, கீறலுக்குள்ளிருந்து ஓர் அலகு நுனி நீண்டது, வாங்கிக்கொண்டது. இதே போல் ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் அது வாயைத் திறந்து மூச்சிரைத்ததைப் பைனாகுலரில் பார்த்தேன். "வராமலே போய்விட்டால்?" என்று கேட்டேன். மாப்பிள்ளை படித்ததைச் சொன்னார். கலஹாரிப் பாலைவனத்தில் 2008 முதல் 2019 வரை இதே இருவாட்சிகளின் கூடுகளை விஞ்ஞானிகள் கணக்கெடுத்திருக்கிறார்கள். முதலில் நூற்றுக்கு 58 கூடுகளில் குஞ்சு தேறியது. கடைசியில் 17 கூடுகளில்தான். வெப்பம் ஏற ஏற, ஆண் பறவை இரை தேடுவதை விட்டு நிழலில் ஒதுங்கி மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. உச்ச வெப்பம் சராசரி 35.7 டிகிரியைத் தாண்டிய காலத்தில் ஒரு கூடு கூடத் தேறவில்லையாம். பாவம், அது என்ன செய்யும்! உள்ளே இருப்பவளுக்குத்தான் வெளியே நடப்பது என்ன தெரியும்?

எட்டாவது தடவை அது வருகிற வரை நான் காரை எடுக்க விடவில்லை. இவர் கூட ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பூங்காவின் வண்டியில் போனோம். வண்டியை ஓட்டி வழிகாட்டியவள் இருபத்தைந்து வயதிருக்கும் ஓர் ஆப்பிரிக்கப் பெண். தோளில் துப்பாக்கி, வாயில் ஓயாத சிரிப்பு. தூரத்தில் ஒரு மரம் நிறையப் பிணந்தின்னிக் கழுகுகளைக் கண்டதும் இவர் காமிராவை எடுத்தார். கழுகு இருந்தால் கீழே செத்த மாடு, மாட்டின் பக்கத்தில் சிங்கம் என்று இவர் கணக்கு. ஆனால் அவை சும்மா உட்கார்ந்திருந்தன. வெயில் ஏறித் தரை சுட்டு, வெப்பக் காற்று கிளம்பினால்தான் அந்தப் பெரிய சிறகுகளுக்குப் பறப்பது சுலபம். அது வரை காத்திருக்குமாம்.

அந்தப் பெண்ணின் சிரிப்பு அங்கேதான் நின்றது. 2025-ஆம் வருஷம் மே மாதம், இதே பூங்காவின் வடபகுதியில் கள்ள வேட்டைக்காரர்கள் ஒரு யானையின் உடலில் பூச்சி மருந்தைக் கலந்துவிட்டார்கள். அதைத் தின்று 123 கழுகுகள் செத்தன. உயிர் இருந்த எண்பதுக்கும் மேற்பட்டவற்றை ஹெலிகாப்டரிலும் ஆம்புலன்ஸிலும் தூக்கிக்கொண்டு போய் வைத்தியம் செய்து காப்பாற்றினார்கள். ஏன் இந்தப் பாதகம்? வானத்தில் கழுகு வட்டமிட்டால், அங்கே ஏதோ செத்துக் கிடக்கிறது என்று காவலர்களுக்குத் தெரிந்துவிடும். வேட்டைக்காரனைக் காட்டிக் கொடுக்கும் சாட்சி அது. போதாததற்குக் கழுகின் தலையையும் உறுப்புகளையும் மாந்திரீக மருந்து என்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

நமக்கு இது புதிதல்ல. மாட்டு வைத்தியத்தில் வலிக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற மருந்தால் இந்தியாவில் இந்தக் கழுகு இனங்கள் அநேகமாக அழிந்தே போயின. மாட்டுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று 2006-இல்தான் தடை வந்தது. அங்கே பகையால், இங்கே அறியாமையால். ராமாயணத்தில் ஜடாயுவுக்காக அழுகிற ஜாதி நாம். நிஜக் கழுகுக்கு நேர்ந்ததை நாம் கவனிக்கவே இல்லை.

கடைசி நாள். பூங்காவை விட்டு வெளியேறும் வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். எதிரே வந்த கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, "மூன்று கிலோமீட்டர் தள்ளிச் சிங்கம்! இரண்டு பெண், ஓர் ஆண்! ரோட்டோரத்திலேயே!" என்றார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை சட்டத்துக்கு உட்பட்டு எவ்வளவு வேகம் முடியுமோ அவ்வளவு வேகம் கொடுத்தார்.

ஒரு வளைவு திரும்பினோம். அப்போது காதில் விழுந்தது அந்தச் சத்தம். "ஊம்... ஊம்-ஊம்..." தூரத்தில் தவில் அடிப்பது போல. இன்னொரு குரல் அதைவிடத் தாழ்ந்து பதில் சொன்னது. "நிறுத்துங்கள் அப்பா!" என்று பேரன் அலறினான். புல்லிலிருந்து ரோட்டுக்கு ஏறி வந்தன ஐந்து பறவைகள். வான்கோழிப் பருமன், கரிக்கறுப்பு, முகமும் கழுத்தும் ரத்தச் சிவப்பு, கண் இமையில் மை தீட்டினாற்போல நீண்ட மயிர். தரை இருவாட்சி! பறக்கத் தெரிந்தும், கை கட்டிய பஞ்சாயத்தார் போல நடந்தே ஊர் சுற்றுகிற பறவை.

டர்பன் அம்மாள் சொன்னது இதைப் பற்றித்தான். ஜூலு மக்கள் இந்த ஜோடியின் குரலுக்கு ஓர் அர்த்தம் சொல்வார்களாம். பெண் பறவை, 'நான் போகிறேன், பிறந்த வீட்டுக்கே போகிறேன்' என்கிறதாம். ஆண் பறவை, 'போயேன், எத்தனை நாளாகத்தான் இதையே சொல்வாய்!' என்கிறதாம். கண்டம் விட்டுக் கண்டம் வந்தாலும் குடும்பம் குடும்பம்தான்!

சிரித்துக்கொண்டிருந்த என்னைப் பேரன் உலுக்கினான். "பாட்டி, கடைசியில் வருவதைப் பார்." ஐந்தாவது பறவையின் முகத்தில் சிவப்பு இல்லை, வெளிறின மஞ்சள். குஞ்சு! உடம்பு பெரியவைகளுக்குச் சமமாக வளர்ந்துவிட்டது. ஆனால் முன்னே போகிற பறவையிடம் வாயைப் பிளந்து கத்திக் கேட்டுக்கொண்டே ஓடியது. இந்தப் பறவையில் ஒரு கூட்டத்துக்கு ஒரே ஜோடிதான் முட்டை இடும்; மற்றவை எல்லாம் அண்ணன், அக்கா, சித்தி, சித்தப்பா முறையில் வளர்த்துவிட மட்டுமே. சாதாரணமாக இரண்டு முட்டை. இரண்டாவது சில நாள் பிந்திப் பொரியும். அது பட்டினியில் செத்துவிடும். அந்த இரண்டாம் குஞ்சுகளை எடுத்துக் கையால் வளர்த்துக் காட்டில் விடுவதற்கென்றே தென் ஆப்பிரிக்காவில் ஒரு திட்டம் நடக்கிறது. ஏன் இவ்வளவு பாடு என்றால், ஒரு கூட்டம் ஒரு குஞ்சைத் தேற்றிவிடச் சராசரி ஒன்பது வருஷம் ஆகிறதாம்!

ஒன்பது வருஷம். எங்கள் பேரனுடைய வயது.

பின்னால் வந்த கார் ஒன்று ஹாரன் அடித்தது. அவர்களுக்கும் சிங்கச் செய்தி எட்டியிருக்க வேண்டும். மாப்பிள்ளை தயங்கி இவரைத் திரும்பிப் பார்த்தார். பெரியவை நாலும் ரோட்டைக் கடந்துவிட்டன. குஞ்சு மட்டும் நடு ரோட்டில் நின்று, ஏதோ செத்த வண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி ஹாரன்.

"வண்டியை எடுக்காதீர்கள், மாப்பிள்ளை. அது கடந்து போகட்டும்" என்றார் இவர்.

ஏழெட்டு நிமிஷம் ஆயிற்று. காமிராவை இவர் அப்போதுதான் முதல் தடவையாகப் பறவையை நோக்கித் திருப்பினார். அந்தப் படத்தையும், பார்த்த இடத்தையும் நேரத்தையும் மாப்பிள்ளை பிறகு அந்தத் திட்டத்தாருக்கு அனுப்பி வைத்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சிங்கம் இருந்த இடத்தில் மிதிபட்ட புல்தான் இருந்தது. பேரன் நோட்டில் அன்று சாயந்திரம் கணக்கு எழுதினான்: பறவை 94, சிங்கம் 0.

இதையெல்லாம் நேற்றுக் கீரைக்காரியிடம் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவள், இரண்டு கட்டு முளைக்கீரையை எடுத்து வைத்தபடி, "அப்போ அந்தக் குஞ்சு பிழைச்சிக்குமாம்மா?" என்றாள்.